மூக்கு மேடத்துக்கு மூக்கு போன கதை

என் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா இல்லையா என்பதுதான் எங்கள் கவலை என்று வழக்கம்போல ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. அப்பா நன்றாகத்தான் இருக்கிறார், வாசல் கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கிறேன் என்று கிளம்பி, கேட்டைவிட முழங்கைக்கு அதிகமாக அடித்துக்கொண்டு திரிகிறார். எனக்கும் வலியோ காய்ச்சலோ ஒன்றும் இல்லை, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கல்லூரிக்குப் போகிறேன், மூக்கு மட்டும் வேலை செய்யவில்லை. பதறாதே, முழுக்கப் படி. போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், உன்னைச் சமாதானப்படுத்துவதிலேயே நான் சொல்ல வந்தது போய்விடும். போன வாரம் நீ பேசும்போது, ஏம்மா அப்பா அடிக்கடி குறுக்கே வந்து எதையோ சொல்லப் பார்க்கிறார், நீ ஏன் அவரை அதட்டுகிறாய் என்று கேட்டாயே, அவர் சொல்லப் பார்த்தது இதைத்தான்.

மழை ஆரம்பித்த நாட்களில் எல்லோருக்கும் வந்த அதே சளிக்காய்ச்சல்தான் எனக்கும் வந்தது. காய்ச்சல் போனது, இருமல் போனது, சளியும் போனது, போகிற போக்கில் வாசனையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் சமையலறை மேஜையில் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன், வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, “என்னம்மா இது, பால் தீஞ்சு கரியாப் போச்சு, நீ பக்கத்துலயே உக்காந்திருக்கே” என்று கத்துகிறார். திரும்பினால் பாத்திரம் கறுத்துக் கிடக்கிறது, எனக்குத் தீய்ந்த வாசனை ஒன்றும் வரவில்லை. அன்றைக்கே வீட்டில் இருக்கிற ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். காபித்தூள் இல்லை, கிராம்பு இல்லை, சோப்பு இல்லை, எல்லாமே காற்று. மறுநாள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். உன் வயதுதான் இருக்கும் அவருக்கு. கிருமி வாசனை நரம்பைக் காயப்படுத்திவிட்டது, பல பேருக்கு மாதக்கணக்கில் மெதுவாகத் திரும்பும், சில பேருக்குத் திரும்பாமலும் போகலாம், இப்போதே எதுவும் சொல்ல முடியாது என்று மறைக்காமல் சொன்னார். காலையும் மாலையும் ரோஜா எண்ணெய், எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் ஒவ்வொன்றாக முகரச் சொன்னார், “ஒண்ணும் வரலேன்னாலும் விடாதீங்க, மூளைக்கு ஞாபகப்படுத்திக்கிட்டே இருங்க” என்றார். வீட்டில் கேஸ் கசிந்தால் உங்களுக்குத் தெரியாது, அலாரம் வாங்கி மாட்டுங்கள் என்றும் சொன்னார். அப்பா அன்று மாலையே மாட்டிவிட்டார். வீட்டைப் பற்றி யோசித்தோமே தவிர என் லேபைப் பற்றி அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

என் வேலை உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஹோமியோபதி மருந்தியல் சொல்லிக்கொடுப்பவளுக்குப் பாதி வேலை மூக்கில்தான். செடியை ஆல்கஹாலில் ஊறவைத்து முதலில் இறக்குகிற மதர் டிங்சர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு ருசி, ஒரு மணம். முதல் வருடப் பிள்ளைகள் லேபுக்குள் வந்ததும் பால் சர்க்கரையைக் கல்வத்தில் போட்டுக் கை ஓய அரைக்கக் கற்றுக்கொள்வார்கள், குப்பியை உள்ளங்கையில் தட்டிக் குலுக்கக் கற்றுக்கொள்வார்கள், அதோடு பெயர் ஒட்டாத பாட்டிலைக் கொடுத்தால் பார்த்து முகர்ந்து இன்னது என்று சொல்லவும் கற்றுக்கொள்ள வேண்டும். கடுமையான வாசனை மருந்தைக் கெடுக்கும் என்பது எங்கள் துறையில் பழைய விதி, அதனால் லேப் நாளில் யாரும் செண்ட் போட்டுக்கொண்டு வரக்கூடாது. வாசலிலேயே நான் நின்று பிடித்துவிடுவேன். காலையில் போட்டதா, நேற்று போட்ட சட்டையை மறுபடி மாட்டியதா என்றுகூடச் சொல்லுவேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் மூக்கு மேடம். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இந்த மருந்துகள் விஷயத்தில் நீயும் நானும் எத்தனையோ முறை மல்லுக்கு நின்றிருக்கிறோம், நீ அங்கே மருந்துக் கம்பெனி பரிசோதனைக்கூடத்தில் மெஷினை வைத்துக்கொண்டு செய்வதை நான் மூக்கை வைத்துக்கொண்டு செய்கிறேன் என்று நீயே கிண்டல் செய்வாய். அந்தச் சண்டையை நீ வரும்போது நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வருட வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். வகுப்பே அவளைச் செண்ட் பாட்டில் என்றுதான் கூப்பிடுகிறது. நான் எத்தனை முறை சொல்லியும் கேட்காமல் போட்டுக்கொண்டு வருவாள், நானும் விடாமல் திருப்பி அனுப்புவேன், குழாயடியில் கழுத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு முகம் சிவந்து திரும்பி வருவாள். காய்ச்சலுக்குப் பிறகு நடந்த வகுப்புகளில் நான் யாரையுமே திருப்பி அனுப்பவில்லை. பிள்ளைகளுக்கு ஆச்சரியம், மேடம் திருந்திவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்களாம். இந்தப் பெண்ணுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. என்றைக்காவது எல்லோர் முன்னாலும் மறுபடி அவமானப்படுவோம் என்று பயந்து, மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து என்னிடம் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு காலையில் சீக்கிரமே வந்திருக்கிறாள். அன்றைக்கு லேப் சில நாள் விடுமுறைக்குப் பிறகு திறக்கிறது. உள்ளே அலமாரியில் இருந்த பெரிய ஆல்கஹால் பாட்டிலின் மூடி சரியாக உட்காராமல், எலியோ என்னவோ தட்டிவிட்டு, பாட்டில் சாய்ந்து முக்கால்வாசி கீழ்த்தட்டில் ஓடிக் கிடந்திருக்கிறது. ஜன்னல் எல்லாம் மூடியிருக்கிறது. நான் கதவைத் திறந்து உள்ளே போய் மேஜையைத் துடைத்து, டிங்சரைச் சூட்டில் வற்றவைத்துக் காட்டுவதற்காக ஸ்பிரிட் விளக்கை எடுத்து வைத்துவிட்டேன். கண் லேசாகக் கரித்தது, பூட்டிக் கிடந்த அறை, தூசி என்று நினைத்துக்கொண்டேன். தீப்பெட்டியைத் திறந்து குச்சியைக் கையில் எடுத்துவிட்டேன். வாசலில் இருந்து ஒரு சத்தம் வந்தது பார், “மேடம் கொளுத்தாதீங்க! கொளுத்தாதீங்க மேடம்!” என்று. அந்தப் பெண் புத்தகப் பையோடு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்து போனது. குச்சியைப் பிடுங்கிக்கொண்டு என்னை வெளியே தள்ளிவிட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாள். வராந்தாவில் இரண்டு பேரும் சுவரோடு சாய்ந்து நின்றோம். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, “இவ்ளோ நெடி அடிக்குதே மேடம், உங்களுக்குத் தெரியலையா?” என்று கேட்டாள். தெரியவில்லை என்று சொன்னேன். குட்டிம்மா, இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த அறைக்குள் மற்ற பிள்ளைகளும் வந்திருப்பார்கள். அதை நினைத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு அவள் செண்ட் போட்டிருந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, கேட்கவும் இல்லை.

அன்றே வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். என்னால் இப்போது எதையும் முகர முடியாது, அதனால் இன்றைக்கு ஒரு ஆபத்து வந்து போனது, இந்தப் பெண் தடுத்தாள் என்று. ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிறகு பிரின்சிபாலிடம் போய் அதையே சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “லேப் வேண்டாம் மேடம், நீங்க பாடம் மட்டும் எடுங்க, பிராக்டிகலை ஜூனியர் பாத்துக்கட்டும்” என்றார். ஜூனியர் என்பது என்னிடமே படித்து இப்போது எங்கள் துறையிலேயே ஆசிரியையாக வந்திருக்கிறாளே, உன் கல்யாணத்துக்குக்கூட வந்து எல்லோருக்கும் பரிமாறினாளே, அவள்தான். சாவியை அவள் கையில் கொடுக்கும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அவள் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் புலம்பினால், அவர், “பிரின்சிபால் சொல்றது நியாயந்தானே” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவரோடு பேசவே இல்லை. சாயங்காலம் அவராக வந்து, பால் பாத்திரத்தை நீட்டி, நான் கேட்காமலேயே முகர்ந்து பார்த்து, “கெடல, காபி போடலாம்” என்றார். அதற்குமேல் எப்படிக் கோபமாக இருப்பது சொல். இப்போது இந்த வீட்டில் பால், மீன், ஈரத்துணி, வந்து போகிற உன் அத்தையின் தைலம் எல்லாவற்றுக்கும் அப்பாதான் மூக்கு. ரொம்பவும் பதவிசாகச் செய்கிறார், கொஞ்சம் அலட்டலும் உண்டு. கல்லூரியில் விஷயம் தெரிந்ததும் ஸ்டாஃப் ரூமில் எத்தனை நாற்காலியோ அத்தனை மருந்து என் மேஜைக்கு வந்தது, ஒருத்தர் சொன்ன மருந்தை இன்னொருத்தர் ஒப்புக்கொள்ளமாட்டார். மரியாதைக்கு ஒன்றைச் சாப்பிட்டேன், மூக்கு அசையவில்லை. நீ இதைப் படித்துச் சிரிப்பது எனக்கு இங்கே தெரிகிறது.

பிரின்சிபால் சொன்னபடி பாடம் மட்டும் எடுத்தேன், ஆனால் மனம் கேட்கவில்லை. பரீட்சைக்கு நாள் நெருங்குகிறது, பாட்டிலைக் கண்டுபிடிக்கிற பயிற்சி பாதியில் நிற்கிறது, ஜூனியருக்கோ எல்லாவற்றையும் ஒரே ஆளாகச் சமாளிக்க முடியவில்லை. அவளே பிரின்சிபாலிடம் போய்ப் பேசினாள். அவள் லேபைத் திறந்து, விளக்கு, ஆல்கஹால் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள், அவள் உள்ளே இருக்கும்போது மட்டும் நான் வந்து கற்றுக்கொடுப்பேன், பரீட்சை எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவு செய்யலாம் என்று ஒப்புக்கொள்ள வைத்தாள். முதல் நாள் ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், என்ன சொல்வதென்று தெரியவில்லை. இத்தனை வருடமாக நான்தான் முகர்ந்து, இது இப்படி இருக்கிறது பார் என்று சொல்லுவேன், பிள்ளைகள் தலையாட்டிவிட்டுப் பரீட்சைத்தாளில் தனித்தன்மையான மணம் என்று எழுதுவார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் எந்த மருந்தை எடுத்தாலும் அதே தனித்தன்மையான மணம்தான், ஊரில் எல்லோருக்கும் ஒரே பெயர் வைத்த மாதிரி. அன்றைக்கும் ஒரு பையன் எழுந்து அதையே சொன்னான். எனக்கு அது ஒன்றும் புரியவில்லைப்பா, எனக்கு மூக்கு கிடையாது, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு என்றேன். அவன் விழித்தான், மறுபடி முகர்ந்தான், பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தான், அவள் ஒன்று சொன்னாள், பின்னால் இருந்து ஒருத்தன் இல்லவே இல்லை என்றான், வகுப்பே சண்டைக்கு வந்துவிட்டது. ஒன்று பேருந்தில் ஈரமான குடை போல இருக்கிறதாம், இன்னொன்று பழைய பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் டப்பாவாம். வலேரியானா என்று ஒரு வேர், அதன் டிங்சரை முகர்ந்த செண்ட் பாட்டில், “மேடம், எங்க அண்ணன் ஹாஸ்டல்ல இருந்து வந்து சாக்ஸைக் கழட்டிப் போடுவான்ல, அதேதான்” என்றாள், லேப் முழுக்கச் சிரிப்பு. எனக்குத்தான் அந்தச் சாக்ஸ் கண் முன்னால் வந்து நின்றது. அவர்கள் சொல்வதைக் கேட்டு, நிறத்தைப் பார்த்து, தண்ணீரில் ஒரு சொட்டு விடச் சொல்லிப் பார்த்து, நான் மருந்தின் பெயரைச் சொல்லுவேன். சொன்னது சரியாக இருந்தால் கைதட்டுவார்கள், தப்பாக இருந்தால் அவர்கள் சரியாகச் சொல்லவில்லை என்று தங்களுக்குள் திட்டிக்கொள்வார்கள். வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டியிருக்கும், மனது லேசாக இருக்கும்.

பிராக்டிகல் பரீட்சை நடத்த வேறு கல்லூரியில் இருந்து வந்தவரைப் பிள்ளைகள் கத்தரிக்கோல் என்பார்கள், மார்க்கை அப்படி வெட்டுவார். வாட்டசாட்டமான ஆள், சிரித்து நான் பார்த்ததில்லை. செண்ட் பாட்டிலின் முறை வந்தது. அவள் கைக்கு வந்தது வலேரியானா. நிறம் சொன்னாள், தெளிவு சொன்னாள், மணம் என்ன என்று அவர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். “கழட்டிப் போட்ட சாக்ஸ் சார், அதுக்கு அடியில ஈர மண்ணு மாதிரி கொஞ்சம்” என்றாள். அவர் பாட்டிலை வாங்கி முகர்ந்தார், முகத்தைச் சட்டென்று பின்னால் இழுத்தார். “இதைத்தான் உங்க மேடம் சொல்லிக்குடுத்தாங்களா?” என்றார். அந்தப் பெண் ஒளிவுமறைவு தெரியாதவள், “இல்ல சார், மேடத்துக்கு வாசனை தெரியாது. நாங்கதான் அவங்களுக்குச் சொல்லணும். சரியாச் சொன்னாத்தான் அவங்க பேரைச் சொல்ல முடியும்” என்று சொல்லிவிட்டாள். வாசலில் பிரின்சிபால் வேறு நிற்கிறார். கத்தரிக்கோல் என் பக்கம் திரும்பி, நிஜமா மேடம் என்றார். நிஜம்தான், காய்ச்சலுக்குப் பிறகு இப்படி என்றேன். எழுந்து அலமாரிக்குப் போய், எங்கள் இருவர் கண்ணிலும் லேபிள் படாமல் உள்ளங்கையால் மூடி ஒரு பாட்டிலை எடுத்துவந்து, பிடியை விடாமல் அவளிடம் நீட்டினார். “இதை உங்க மேடத்துக்குச் சொல்லு பாக்கலாம்” என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். “மேடம், புதுப் பென்சிலைச் சீவினா ஷார்ப்னர்ல சுருள் சுருளா விழும்ல, அது. அப்புறம் ரொம்ப நாள் திறக்காத துணி அலமாரியைத் திறந்தா முகத்துல ஜில்லுனு ஒண்ணு அடிக்கும்ல, அதுவும்” என்றாள். நிறம் என்ன என்று கேட்டேன், பழுப்பில் பச்சை கலந்த மாதிரி என்றாள். தண்ணீரில் விடு என்றேன், லேசாகக் கலங்குகிறது என்றாள். என் மூக்குக்குள் ஒன்றும் வரவில்லை குட்டிம்மா, ஆனால் நீ ஒன்றாம் வகுப்பில் மேஜை முழுக்கப் பென்சில் சீவிப்போட்டு என்னிடம் அடி வாங்கியது ஞாபகம் வந்தது. தூஜா, அந்த ஊசியிலை மரத்து டிங்சர் என்று சொன்னேன். அவர் லேபிளை மூடியிருந்த கையை எடுத்தார். தூஜாதான். “ம்” என்றார், அவ்வளவுதான், மார்க்கைப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஒரு பையனைத் தவிர எல்லோரும் தேறிவிட்டார்கள், அவனும் தராசில் நிறுக்கத் தெரியாமல்தான் போனான், அதற்கு மூக்கு ஒன்றும் செய்ய முடியாது.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, “இனிமே லேப் பழையபடி உங்க பொறுப்பிலேயே இருக்கட்டும் மேடம்” என்றார். இந்த வார்த்தைக்காகத்தான் நான் இத்தனை நாள் ஏங்கியது. ஆனால் அதைக் கேட்ட நிமிடம் அந்தத் தீக்குச்சி என் விரலில் இருந்த மாதிரியே தோன்றியது. பாட்டிலின் பெயரைச் சொல்வது வேறு, பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவது வேறு. வேண்டாம் சார், சாவி ஜூனியரிடமே இருக்கட்டும், அவள் பக்கத்தில் இருந்து நான் சொல்லிக்கொடுக்கிறேன், அது போதும் என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். சொன்ன பிறகு எனக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வெளியே வந்தால் வராந்தாவில் ஜூனியர் நிற்கிறாள், இரண்டு பேரும் பேசிக்கொண்டே பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம்.

நீ உடனே, வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து என்னோடு இரு என்று சொல்லப் போகிறாய், தெரியும். மாப்பிள்ளையும் நல்ல மனது, அவரும் அதையேதான் சொல்வார். விடுமுறையில் வருகிறேன், இருக்கிறேன், இப்போதைக்கு அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், அவர்களை விட்டு வர மனமில்லை. மூக்கைப் பொறுத்தவரை நான்கு குப்பிகளையும் விடாமல் முகர்கிறேன். போன வாரம் கிராம்பில் ஏதோ ஒன்று வந்தது, கருகின ரப்பர் மாதிரி. டாக்டரிடம் போய்ச் சொன்னால், தப்பாக வந்தாலும் வருவது நல்லதுதான் என்கிறார். அதையே நான் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டிருக்கிறேன், நீயும் அப்படியே எடுத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, ஒரே கோட்டை வாரம் முழுக்கப் போடாதே, பரிசோதனைக்கூடத்தில் தனியாக இருக்கும்போது எதையும் அவசரப்பட்டுப் பற்றவைக்காதே, மாப்பிள்ளையோடு சின்ன விஷயத்துக்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல், மனம் நிறைந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவர் வாழ்த்தும். அப்பா பெயிண்ட் கையோடு வந்து இந்தத் தாளில் ஒரு விரலை வைத்துவிட்டார், அதை அவர் கையெழுத்தாக வைத்துக்கொள்.

ஒன்றை மறந்துவிடாதே. பதில் எழுதும்போது உன் வீடு எப்படி மணக்கிறது என்று எழுது. மாடிப்படி ஏறும்போது என்ன வருகிறது, ஜன்னலைத் திறந்தால் என்ன, பனி பெய்த காலையில் என்ன, நீ சமைத்து முடித்த பிறகு அறையில் என்ன மிச்சம் இருக்கிறது. போட்டோ நிறைய அனுப்பியிருக்கிறாய், பார்த்துப் பார்த்து மூலை முடுக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் நீ இருக்கிற இடத்துக்குள் நான் இன்னும் வரவில்லை. நீ எழுதினால் வந்துவிடுவேன்.

என்றென்றும் உன் நலனையே நினைக்கும்,
அம்மா